பேன் பார்க்கச் சொன்ன அம்மன்

"பிள்ளை வளர்க்கிறதே பெரிய பூசையடி. உனக்கென்னத்துக்கு வேற விளக்கு?"

கோயிலுக்குப் போய் மாதக்கணக்காகிவிட்டது, வெள்ளிக்கிழமை விளக்குக்கூட வைக்க முடியவில்லை என்று கைக்குழந்தைக்காரி ஒருத்தி வாய்விட்டுச் சொன்னால், வன்னியில் எந்த ஊரிலும் மூத்தவர்களிடமிருந்து இப்படித்தான் பதில் வரும். அன்பில் சொல்வதுதான். கேட்கிறவளுக்கும் அந்த நேரம் மனம் கொஞ்சம் ஆறும். எனக்கு மட்டும் இந்தக் கதை நெடுநாளாகச் செமிக்காமல் கிடக்கிறது. அதில் பாதி உண்மை இருக்கிறது. மற்றப் பாதி அவளைத் திருப்பி அடுப்படிக்கே அனுப்பிவிடுகிறது. ஒரு வேலைக்குப் பூசை என்று பெயர் வைத்துவிட்டால், அதில் பங்கு கேட்க யாருக்கு வாய் வரும்? பூசை செய்கிறவள் களைக்கலாமா? கோபப்படலாமா? பிள்ளை மூன்றாந்தரம் கக்கிய சட்டையோடு சுவரில் சாய்ந்திருந்து, ஏன் என்று தெரியாமலே அழலாமா?

இன்னொரு பக்கமும் இருக்கிறது. எங்கள் ஊர் பக்தி கால்முகம் கழுவுவதில் தொடங்குவது. தோய்ந்து, உலர்ந்த சீலை உடுத்து, திருநீறு பூசிக்கொண்டுதான் சாமிக்கு முன்னால் போவோம். சின்னப் பிள்ளை உள்ள வீட்டில் அப்படி ஒரு நேரம் வாய்ப்பதில்லை. தோளில் பால் வாடை, மடியில் ஈரம், நிலத்தில் குரக்கன் கூழ், கிணற்றடியில் ஊறிக்கொண்டிருக்கும் மூத்திரச் சீலைகள். "இந்தக் கோலத்தில எப்பிடிச் சாமிக்கு முன்னால நிக்கிறது" என்று அவளே ஒதுங்கிக்கொள்கிறாள். அருள் எங்கோ சுத்தமான இடத்தில் இருக்கிறது, பிள்ளைகள் வளர்ந்தபிறகு அங்கே போய்ச் சேரலாம் என்று நம்பிக்கொண்டு அவள் ஆறேழு வருடத்தைக் கழித்துவிடுகிறாள். இந்த இரண்டுக்கும் பதில் முல்லைத்தீவுக்கு அருகிலேயே, நந்திக்கடல் கரையிலேயே இருக்கிறது என்பது என் எண்ணம்.

நந்திக்கடல் கரைக்கு வந்தவள்

வற்றாப்பளைக் கண்ணகை அம்மன் கோயில் கதையை இங்கே யாருக்கும் புதிதாகச் சொல்லத் தேவையில்லை. மதுரையை எரித்த சூடு ஆறாமல் வந்த கண்ணகை, கிழவியாக நந்திக்கடல் வெளியில் மாடு மேய்க்கும் பெடியளிடம் வருகிறாள். பசிக்கிறது என்கிறாள். பெடியள் புக்கை பொங்கிக் கொடுக்கிறார்கள். பொழுது படுகிறது, விளக்கு வை என்கிறாள். எண்ணெய் இல்லையே என்கிறார்கள். கடல் தண்ணீரை அள்ளி ஊற்றிக் கொளுத்து என்கிறாள், விளக்கு எரிகிறது. பிறகு தலை கடிக்கிறது, பேன் பார் என்கிறாள். தலைமயிரை விலக்கிப் பார்த்தால் தலை முழுக்க ஆயிரம் கண்.

கடல்நீர் விளக்கைத்தான் நாங்கள் எல்லோரும் பிடித்துக்கொண்டோம். அது இன்றும் ஆண்டுதோறும் நடக்கிறது. பாக்குத்தெண்டல் என்ற சடங்கோடு தொடங்கி, சிலாவத்தைக் கடற்கரையில் தீர்த்தம் எடுத்து, முள்ளியவளை காட்டா விநாயகர் கோயிலில் அந்த உப்புநீரில் விளக்கேற்றி, ஒரு கிழமை எரியவிட்டு, வைகாசித் திங்கட்கிழமையன்று வற்றாப்பளையில் பொங்கல். அற்புதம் என்று சொன்னால் எல்லோருக்கும் ஞாபகம் வருவது அதுதான். நான் நின்று யோசிப்பது மற்ற இரண்டில். வந்தவள் பொன் கேட்கவில்லை, கோயில் கட்டு என்று அப்போது கேட்கவில்லை. சோறு கேட்டாள். வெளிச்சம் கேட்டாள். தலை பார்க்கக் கேட்டாள். சின்னப் பிள்ளைகள் உள்ள எந்த வீட்டிலும் பின்னேரம் 6 மணிக்குமேல் நடப்பது இந்த மூன்றும்தான். இன்னொன்றையும் கவனியுங்கள். பொங்கியது பெடியள். விளக்கேற்றியது பெடியள். பேன் பார்த்ததும் பெடியள். அந்த வெளியில் ஒரு பெண்கூட இவர்களுக்கு அடுப்பு மூட்டிக் கொடுக்கவில்லை.

தாயைத் தெய்வம் என்று சொல்லும்போது, ஆயிரம் கை வைத்து எல்லாவற்றையும் தானே செய்கிற ஒருத்தியைத்தான் மனத்தில் வைத்துக்கொள்கிறோம். எங்கள் மண்ணுக்கு வந்த அம்மன் அப்படி வரவில்லை. நடந்து களைத்து, பசித்து, தலை கடித்து வந்தாள். மற்றவர் கையால் வாங்கிச் சாப்பிட்டாள். நிலத்தில் இருந்து தலையைக் கொடுத்தாள். ஆயிரம் கண் தெரிந்தது அவள் தலையில் கைவைத்துப் பார்த்தவர்களுக்குத்தான். தூரத்தில் நின்று கும்பிட்டிருந்தால் ஒரு கிழவி மட்டுமே தெரிந்திருப்பாள்.

வீட்டில் யாரும் பார்க்காத தலை

பேன் எடுப்பதை வெட்கமில்லாமல் விபரமாகச் சொல்கிறேன், ஏனென்றால் இதில்தான் விசயம் இருக்கிறது. பள்ளிக்கூடம் போகிற பிள்ளை உள்ள வீட்டுக்குப் பேன் வராமல் இராது. ஊத்தைக்கும் பேனுக்கும் சம்பந்தமில்லை. நேற்று முழுகிய தலையிலும் ஏறும். தலையோடு தலை முட்டினால் போதும்.

தலையைச் சவுக்காரமோ ஷாம்புவோ போட்டு முழுகவார்த்து, ஈரமாக இருக்கும்போதே தேங்காயெண்ணெயோ கண்டிஷனரோ தாராளமாகப் பூச வேண்டும். காய்ந்த தலையில் பேன் ஓடிவிடும், ஈரத்திலும் எண்ணெயிலும் அசையாமல் கிடக்கும். மயிரை நான்காகப் பிரித்து, வெயில் வெளிச்சத்தில் பிள்ளையை இருத்தி, நெருக்கமான பல்லுள்ள பேன்சீப்பை மண்டையில் முட்ட வைத்து நுனிவரை ஒரே இழுவையாக இழுக்க வேண்டும். ஒவ்வோர் இழுவைக்கும் சீப்பை வெள்ளைத் துணியில் துடைத்துப் பாருங்கள். காதுக்குப் பின்னாலும் பிடரியிலும்தான் கூடுதலாக இருக்கும். ஒரு தலைக்கு அரை மணித்தியாலம் பிடிக்கும், நீட்டு மயிரென்றால் இன்னும் கூட. மூன்று நாளைக்கு ஒருதரம் வீதம் குறைந்தது 2 கிழமைக்கு இதைத் தொடர வேண்டும். ஈர் பொரிக்க 7 முதல் 10 நாள் எடுக்கும். பொரித்த குஞ்சு முட்டையிடும் பருவத்துக்கு வர இன்னும் 9, 10 நாள் வேண்டும். ஒருநாள் முழுக்க இருந்து எடுத்துவிட்டு விட்டுவிட்டால், மயிரில் ஒட்டியிருந்த ஈர் அடுத்த கிழமை பொரித்து எல்லாம் பழையபடி தொடங்கும். இடையில் பிடிக்க வேண்டியது அந்தக் குஞ்சுகளைத்தான். தலையணை உறையையும் துவாயையும் சுடுதண்ணீரில் தோய்த்து வெயிலில் போட்டால் காணும். தலையை விட்டு இறங்கிய பேன் ஓரிரு நாளுக்குமேல் உயிரோடு இராது. மண்ணெண்ணெய் பூசவே கூடாது. தோல் பொத்துவிடும், அடுப்புக்குக் கிட்டப் போனால் பற்றிவிடும். வயலுக்கும் தோட்டத்துக்கும் அடிக்கிற மருந்தைத் தலையில் போடுவது அதைவிட ஆபத்து. தோலால் உள்ளே போய்ப் பிள்ளையின் உயிரையே எடுத்துவிடும். விவசாயக் குடும்பங்களில் அந்தப் போத்தல் கைக்கெட்டும் தூரத்தில் இருக்கிறது என்பதால்தான் இதை அழுத்திச் சொல்கிறேன்.

இவ்வளவும் சரியாகச் செய்த வீட்டிலும் ஒரு மாதத்தில் பேன் திரும்பி வரும். பள்ளிக்கூடத்தைக் குறைசொல்வார்கள், பக்கத்து வீட்டுப் பிள்ளையைக் குறைசொல்வார்கள். அநேகமாகக் காரணம் வேறு. எல்லாத் தலையையும் ஒரே நாளில் பார்க்க வேண்டும் என்பது விதி. மூத்தவள் தலை, சின்னவள் தலை, அம்மம்மாவின் தலை எல்லாம் பார்த்தாயிற்று. எல்லோருக்கும் பார்த்துவிட்டவளின் தலையை மட்டும் யாரும் பார்க்கவில்லை. தன் பிடரியைத் தானே பார்க்க ஒருவராலும் ஏலாது. இரவில் பிள்ளைகள் அவளைக் கட்டிப்பிடித்துத்தான் படுக்கிறார்கள். அங்கேயிருந்துதான் திரும்ப ஏறுகிறது.

வற்றாப்பளைக் கதையை இதற்குப் பிறகு என்னால் பழைய மாதிரி கேட்க முடியவில்லை. "பேன் பார்" என்று அம்மன் சொன்னது எத்தனையோ பெண்கள் வாய்விட்டுக் கேட்க வெட்கப்படுகிற வேண்டுகோள். "எனக்கும் ஒருக்கா பார்த்துவிடுங்கோ" என்று புருசனிடமோ மாமியிடமோ வளர்ந்த மகனிடமோ கேட்க எத்தனை பேருக்கு வாய் வரும்? கேட்டால் கேலி, அல்லது "பிறகு பாப்பம்". தெய்வமே கேட்டு வாங்கிய ஒன்றைக் கேட்பதில் என்ன குறை? பிள்ளை வளர்ப்பது பூசையென்றால், அந்தப் பூசை செய்கிறவளைக் கவனிப்பதும் அதே பூசையின் பாதி. பெரியவர்களின் அந்த வசனத்தில் விடுபட்டுப்போன பாதி இதுதான்.

31 நாள்

துடக்கைப் பற்றி இரண்டு பக்கமும் கோபமாகக் கதைக்கிறார்கள். பிள்ளை பெற்றவளைத் தீட்டென்று ஒதுக்குவதா என்று ஒரு பக்கம், முன்னோர் காரணமில்லாமல் வைக்கவில்லை என்று மறுபக்கம். நான் பார்ப்பது, அந்த விதியில் எந்தப் பகுதி இன்று மிஞ்சியிருக்கிறது என்பதை. 31 நாள் அவள் கோயில் வாசலுக்குப் போகக்கூடாது என்பது ஒன்று. அதே 31 நாள் அவள் அடுப்படிக்கும் கிணற்றடிக்கும் போகக்கூடாது என்பது இன்னொன்று. அம்மாவோ பெரியம்மாவோ சித்தியோ வந்து நின்று சரக்கரைத்து, வேது வார்த்து, ஏணை கட்டி, சீலை தோய்த்துக் கொடுத்தபோது இரண்டும் சேர்ந்தே இருந்தன. போரும் இடப்பெயர்வும் மெனிக் பாம் முகாமும் மீள்குடியேற்றமும் தாண்டி வந்த குடும்பங்களில் சொந்தம் ஒரு ஊரில் இல்லை. அம்மா ஒரு இடம், அக்கா வெளிநாடு, புருசன் கூலிக்குப் போனால்தான் அடுப்பு. புருசனே இல்லாத வீடுகளும் உண்டு. ஆஸ்பத்திரியால் வந்த மூன்றாம் நாளே அவள் வாளி தூக்குகிறாள். கோயிலை மூடிய விதி மட்டும் அப்படியே நிற்கிறது. ஓய்வைக் கொடுத்த விதி போய்விட்டது. இரண்டில் ஒன்றை விடத்தான் வேண்டுமென்றால் முதலாவதை விட்டிருக்க வேண்டும்.

பிள்ளை பிறந்த வீட்டுக்கு வெறுங்கையோடு போகக்கூடாது என்று சட்டையும் பவுடரும் வாங்கிக்கொண்டு போகிறோம். ஒரு சட்டி பத்தியக் கறி கொண்டு போங்கள். ஒரு நேரக் கறிக்கு மல்லி 1 மேசைக்கரண்டி, சின்னச்சீரகம் 1 தேக்கரண்டி, மிளகு அரைத் தேக்கரண்டி, நகமளவு வேர்க்கொம்பு, சின்னத் துண்டு மஞ்சள், உள்ளி 7, 8 பல். செத்தல் மிளகாய் இல்லை. உள்ளியைத் தவிர மற்றதெல்லாவற்றையும் எண்ணெயில்லாத சட்டியில் மெல்லிய நெருப்பில் மணம் வரும்வரை மட்டும் வறுக்க வேண்டும். மல்லி கறுத்தால் கறி கசக்கும், பிறகு என்ன சேர்த்தும் சரிவராது. அம்மியில் பட்டுப்போல் அரைத்து, பாக்களவு புளி கரைத்த இரண்டு கோப்பைத் தண்ணீரில் கலந்து, உள்ளியை முழுதாகப் போட்டுக் கொதிக்கவிடுங்கள். உள்ளி அவிந்தபிறகு கால் கிலோ மீனைப் போட்டு 10 நிமிடத்தில் இறக்கலாம். விளைமீன், திரளி, சுறாக்குஞ்சு எது கிடைத்தாலும் சரி. மிளகைக் கூட்டினால் காரம் வயிற்றைச் சுடும், அவள் அடுத்த நேரம் சாப்பிட மாட்டாள்.

பத்தியத்தில் பிழைபோகிற இடம் கறி இல்லை, தண்ணீர். வயிறு வைக்கும் என்று சொல்லி, பிள்ளை பெற்றவளுக்குத் தண்ணீரை அளந்து கொடுக்கும் வீடுகள் இன்னும் இருக்கின்றன. வன்னி வெயிலில் அது பெரிய கொடுமை. மலம் இறுகும், சிறுநீர் எரியும், தலை சுற்றும். தாகத்துக்குத் தடையில்லாமல் குடிக்க விடுங்கள். சுறா வறை சாப்பிட்டால் பால் ஊறும் என்று நம்புகிறோம், நல்ல சாப்பாடுதான், கொடுங்கள். பாலைக் கூட்டுவது பிள்ளை வாய் வைத்து உறிஞ்சுவது. முதல் கிழமைகளில் இரவு பகலாக நாளுக்கு 8 முதல் 12 தரம். பால் காணாது என்று பால்மாப் பேணியை உடைக்கிற வீடுகளில், அநேகமாகத் தாய்க்குப் பிள்ளையை மடியில் வைத்துக்கொண்டிருக்க நேரம் கொடுக்கப்படவில்லை. நொச்சி, பாவட்டை, வேம்பு போட்டு அவித்த தண்ணீரில் வேது வார்ப்பது உடம்பு நோவுக்கு ஆறுதல். வயிறு வெட்டிப் பிள்ளை எடுத்தவளுக்குக் காயம் ஆறுமுன் வயிற்றில் அந்தச் சூட்டை அடித்து ஊற்றக்கூடாது. நிற்கவிடாமல் கதிரையில் இருத்தி வார்க்க வேண்டும், தலை சுற்றி விழுவார்கள்.

பிள்ளை நித்திரையாக இருக்கும்போதும் அவளுக்கு நித்திரை வராமல், இரண்டு கிழமை கடந்தும் அழுகை நிற்காமல், பிள்ளையைத் தூக்கவே மனமில்லாமல் இருந்தால், அதற்கு நூல் கட்டுவதோடு நின்றுவிடாதீர்கள். பிள்ளைப்பேற்றுக்குப் பின் வருகிற மனச்சோர்வு ஒரு வருத்தம், மருந்தும் கவனிப்பும் கொடுத்தால் மாறுகிற வருத்தம். வீட்டுக்கு வருகிற குடும்பநல உத்தியோகத்தரிடம் முதலில் சொல்லலாம். 1926 என்ற தேசிய மனநல உதவி இலக்கத்துக்கும் எடுக்கலாம். தன்னையோ பிள்ளையையோ ஏதும் செய்துவிடுவேன் என்று அவள் சொன்னால் ஒரு நிமிடமும் தனியே விடாமல் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோக வேண்டும். 1990க்கு எடுத்தால் அம்புலன்ஸ் வரும், காசில்லை. இப்படி ஒருத்திக்கு "சாமியைக் கும்பிடு, எல்லாம் சரிவரும்" என்று மட்டும் சொல்வது நம்பிக்கை ஆகாது. பசிக்கிறது என்று வந்த கிழவியிடம் பெடியள் அப்படிச் சொல்லி அனுப்பவில்லை.

அம்மாள் வந்த வீடு

கொப்புளிப்பான் (சின்னம்மை) வந்தால் வன்னியில் அம்மாள் வந்திருக்கிறா என்று சொல்வோம். படித்த பிள்ளைகள் சிலர் இதை மூடநம்பிக்கை என்று தள்ளுகிறார்கள். அப்படித் தள்ளுமுன், அந்த நம்பிக்கை வீட்டில் என்ன செய்கிறது என்று பார்க்கச் சொல்கிறேன். வாசலில் வேப்பிலை செருகியவுடன் வெளியாட்கள் வரமாட்டார்கள். கொப்புளிப்பான் பொக்களம் போடுவதற்கு ஓரிரு நாள் முன்னமே தொற்றத் தொடங்கி, கடைசிப் பொக்களமும் காய்ந்து பொருக்காகும் வரை தொற்றும். பொக்களம் போட்டு 5 முதல் 7 நாள் அளவில் அது முடியும். அதுவரை வீட்டை மறித்து வைப்பதை அந்த வேப்பிலைக் கொத்து செய்துவிடுகிறது. எண்ணெய் கொதிக்கக்கூடாது, தாளிக்கக்கூடாது, உரத்துக் கதைக்கக்கூடாது, சண்டை கூடாது. அம்மாள் இருக்கிறா என்பதால் தாயை வேறு வேலைக்கு யாரும் கூப்பிடுவதில்லை, சமையல் கஞ்சியோடு நின்றுவிடுகிறது. நோய்வாய்ப்பட்ட பிள்ளையின் ஊத்தைப் படுக்கையே வீட்டில் சாமி இருக்கிற இடமாகிவிடுகிறது. சீழும் பொருக்கும் வியர்வையும் உள்ள அந்தப் பாயில் அம்மன் இருக்கிறாள் என்று துணிந்து சொன்ன சனங்கள் நாங்கள். பிறகு எதற்குத் தோளில் பால் கக்கிய சீலையோடு விளக்கேற்ற ஒரு தாய் கூச வேண்டும்?

அம்மாளுக்குரிய மரியாதையோடு சேர்ந்து நடக்க வேண்டியதும் இருக்கிறது. பிள்ளையின் நகத்தை முதல் நாளே ஒட்ட வெட்டிவிட வேண்டும், சொறிந்த பொக்களந்தான் சீழ் வைத்துத் தழும்பாகிறது. தண்ணீர் வார்க்கும் நாள்வரை உடம்பை நனைக்காமல் வைப்பது நல்லதில்லை. சவுக்காரம் போடாமல், வேப்பிலை போட்டு ஆறவைத்த இளஞ்சூட்டுத் தண்ணீரை நாளும் ஊற்றி, தேய்க்காமல் ஒற்றித் துடைக்கலாம். கடிக்கு மேலால் கலமைன் பூசலாம். காய்ச்சலுக்குப் பரசிற்றமோல் மட்டும், கிலோவுக்கு 15 மில்லிகிராம் கணக்கில் 6 மணித்தியாலத்துக்கு ஒருதரம். 5 மில்லிலீற்றரில் 120 மில்லிகிராம் உள்ள பாணியென்றால் 10 கிலோப் பிள்ளைக்கு 6 மில்லிலீற்றர் அளவு. அஸ்பிரின் கொடுக்கவே கூடாது, இபுபுரோபனும் வேண்டாம். பச்சைக் குழந்தையோ, முன்பு கொப்புளிப்பான் வராத கர்ப்பிணியோ வீட்டில் இருந்தால் அன்றே வைத்தியரிடம் சொல்லுங்கள். மூச்சு வேகமாக வாங்கினாலும், பிள்ளை எழுப்ப எழும்பாமல் கிடந்தாலும், பொக்களத்தைச் சுற்றிச் சிவந்து வீங்கிச் சுட்டாலும் வேப்பிலையைத் தலைமாட்டில் வைத்துக்கொண்டே ஆஸ்பத்திரிக்குப் போகலாம். அம்மாள் கோபிக்க மாட்டா.

பொக்களம் இல்லாத வெறும் காய்ச்சல், மாரி தொடங்கிய கார்த்திகை மார்கழியில் இரண்டு நாள் தாண்டி நின்றால் டெங்குவை நினைத்து இரத்தம் சோதிக்க வேண்டும். பார்வை பார்ப்பதும் திருநீறு போடுவதும் போகிற வழியில் நடக்கட்டும்.

பிள்ளையோடு கோயிலுக்கு

மடு மாதா கோயிலில் பிள்ளையோடு கும்பிடப் போவது வேறு விதமாக நடக்கிறது. ஆடி 2ஆம் திகதித் திருவிழாவுக்கும் ஆவணி 15க்கும் சனம் குடும்பமாகப் போய்க் காட்டுக்குள் கூடாரம் அடித்து நாள்கணக்கில் தங்குகிறது. சைவக்காரரும் போவார்கள். மரத்தடியில் அடுப்பு, கயிற்றில் பிள்ளையின் சீலை, கொப்பில் ஏணை. தாய் பிள்ளையைக் குளிப்பாட்டி, தன் தலையும் காயாமல் அப்படியே பூசைக்கு நடந்து போவாள். பக்கத்துக் கூடாரத்துக்காரி சோற்றுப் பானையைப் பார்த்துக்கொள்வாள். மாதாவின் சந்நிதிக்கும் சமையலுக்கும் இடையில் சுவர் இல்லாததால் அங்கே சின்னப் பிள்ளைக்காரிகள் ஒதுங்கி நிற்பதில்லை. எங்கள் கோயில் வீதிகளிலும் அதற்கு இடம் விடலாம். மடப்பள்ளிக்குப் பக்கத்தில் மறைப்போடு நிழலான ஒரு மூலை, ஒரு வாங்கு, ஒரு வாளி தண்ணீர். பால் கொடுக்கவும் சீலை மாற்றவும் அது போதும். பெரிய செலவில்லை, நிர்வாகசபையில் யாராவது ஒருவர் எழும்பிக் கேட்க வேண்டும்.

வற்றாப்பளைப் பொங்கலுக்குக் கைக்குழந்தையோடு போகிறவர்கள் இரவுச் சன நெரிசலை விட்டு, விடியவெள்ளண வெயில் ஏறுமுன் போய் வருவது சுகம். வைகாசி வெயிலும் கச்சான் காற்றின் புழுதியும் சேர்ந்தது அந்தக் காலம். 6 மாதத்துக்கு உட்பட்ட பிள்ளைக்கு அந்த வெயிலிலும் தண்ணீர் தேவையில்லை, அடிக்கடி பால் கொடுத்தால் போதும். அதற்கு மேற்பட்டதென்றால் கொதித்தாறிய தண்ணீர் ஒரு போத்தல், தொப்பி, இரண்டு மாற்றுச் சட்டை. வயிற்றோட்டத்துக்குக் கரைத்துக் கொடுக்கிற உப்புத்தூளான ஜீவனிப் பைக்கட்டும் ஒன்று பையில் கிடக்கட்டும். வயிற்றோட்டம் தொடங்கினால் பைக்கட்டு முழுவதையும் 1 லீற்றர் தண்ணீரில் கரைத்து, வாயில் கொஞ்சங் கொஞ்சமாகப் பருக்கி, 24 மணித்தியாலத்தில் மிஞ்சியதை வெளியே கொட்டிவிட வேண்டும். அரைவாசிப் பைக்கட்டைக் கண்மட்டத்துக்குக் கரைத்தால் உப்பு அளவு பிழைத்துவிடும். நடக்கிற பிள்ளையின் கையில் தொலைபேசி இலக்கத்தைப் பேனையால் எழுதிவிடுங்கள். சோறு தீத்துகிற நேர்த்தி இருந்தால் சர்க்கரைப் புக்கையில் நாக்கில் தொட்டு வைக்கிற அளவு காணும், வீட்டுக்கு வந்து குழைத்த சோற்றை வயிறு நிரம்பத் தீத்தலாம்.

கூடப் போகிற ஆம்பிளையளுக்கு ஒன்று. மூலஸ்தானத்துக்கு முன்னால் அவளுக்கு வெறுங்கையோடு ஒரு கால் மணித்தியாலம் கொடுங்கள். பிள்ளையை வாங்கித் தோளில் போட்டுக்கொண்டு, பையையும் எடுத்துக்கொண்டு, அவள் கண்ணுக்குத் தெரியாத தூரத்துக்கு வேப்பமர நிழலுக்குப் போய்விடுங்கள். பிள்ளை அழுதவுடன் கொண்டு ஓடிவர வேண்டாம். சீலை நனைந்திருக்கிறதா, சட்டை இறுக்குகிறதா, வெயில் படுகிறதா என்று பார்த்து, மாற்ற வேண்டியதை மாற்றி, கொஞ்சத் தூரம் நடந்து ஆட்டிப் பாருங்கள். அதற்கும் அடங்காமல் கையைச் சூப்பத் தொடங்கினால் அது பசி, அப்போது போய்க் கூப்பிடலாம்.